கண்ணாடிக்குள் ஓர் ஓடை

சென்ற தவணையின் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையில் பொலித்தீன் பையோடு என் மேசையருகே வந்து நின்றான். இரத்தோட்டைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பாடசாலைக்கு வருபவன் அவன். பையிலே விரல் நீளத்தில் ஆறேழு மீன்கள் இருந்தன. அவற்றுள் இரண்டு வயிறு மேலாக மிதந்தன.

"சேர், வகுப்பிலே மீன்தொட்டி வைக்கலாம் என்று சொன்னீர்களே. கடையிலே வாங்கக் காசு சேரவில்லை. அதனாலே எங்கள் ஓடையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன்."

அன்பினால் செய்த காரியத்தை எவ்வாறு கடிந்துகொள்வது? ஒரு வாளியிலே நீர் நிரப்பி மீன்களை விட்டோம். இடைவேளை மணி அடிக்குமுன் எஞ்சியவையும் மடிந்தன. அவை எந்த இனம் என்று பிடித்தவனுக்கும் தெரியாது. விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கும் தெரியாது. அதுவே என்னைப் பல நாள் உறுத்தியது.

உறுத்தியதற்குக் காரணம் உண்டு. நம் மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000ஆம் ஆண்டில் பேணற்காடாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. அம்மலையில் பிறந்து அம்பன் கங்கையோடு சேரும் நீரோடைகளில், உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லாத மீன்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றை ரணில் சேனாநாயக்க 1985இல் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தி, அதற்கு இலங்கையின் பெயரையே இட்டார். மற்றொன்றுக்கு 1991இல் மாட்டன்ஸ்டைன் என்னும் இயற்கை ஆர்வலரின் பெயர் சூட்டப்பட்டது. இரண்டும் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. லக்கல, பல்லேகமப் பக்கத்துக் களு கங்கையைச் சார்ந்தவை. அந்தக் களு கங்கையில் அணை எழுந்து, 2018இல் நீர் தேக்கத் தொடங்கியபோது பழைய ஊரே நீருள் சென்றது. ஓடும் நீருக்கென்று அமைந்த உயிருக்கு இடம் சுருங்கி வரும் காலத்தில், பொலித்தீன் பையும் ஒரு பகையாகவே முடிகிறது. மேலும், கற்களின்மேல் மோதி நுரைத்து ஓடும் நீரிலே ஒட்சிசன் மிகுதி. அந்த மீனைத் தேங்கிய வாளியில் விடுவது, மலையுச்சியில் வாழ்ந்தவனைப் பெட்டிக்குள் அடைப்பது போன்றதே.

"காசில்லாமல் தொட்டி வைக்க முடியாதா, சேர்?" என்று மறுநாள் அவன் கேட்டான். முடியும் என்றேன்; ஆனால் காசுக்குப் பதிலாக நாட்களைச் செலவிட வேண்டும் என்றும் சொன்னேன். அவனுக்கு அது விளங்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் எனக்கும் விளங்கவில்லை. அக்காலத்தில் ஒரு கடையில் தொட்டியும் பன்னிரண்டு மீன்களும் ஒரே நாளில் வாங்கி வந்து, அன்று மாலையே நீரில் விட்டேன். பத்து நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்று வயதாயிருந்த என் மகள், மீன்கள் ஏன் விழித்தபடியே தூங்குகின்றன என்று கேட்டாள்.

அவை இறந்த காரணத்தைப் பின்னரே அறிந்தேன். மீனின் கழிவு அமோனியாவாகிறது. அது மீனுக்கு நஞ்சு. மணலிலும் கல்லிலும் படியும் ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதை நைத்திரேற்றாக்கும். அது பெருந்தீங்கு செய்யாது, செடிக்கு உணவுமாகும். புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். கடைகளில் விற்கும் விலையுயர்ந்த கருவிகளும் மருந்துப் போத்தல்களும் பெரும்பாலும் இந்த ஆறு வாரப் பொறுமைக்குப் பதிலாக நாம் கொடுக்கும் விலையே என்பது என் எண்ணம்.

எளிய தொட்டியின் வரலாறும் இதையே காட்டுகிறது. இலண்டனில் வாழ்ந்த இரசாயன அறிஞர் றொபேட் வாரிங்டன் ஒரு கண்ணாடிக் கலத்தில் மணலும் சேறும் இட்டு, வலிஸ்னேரியாச் செடி நட்டு, இரண்டு பொன்மீன்களை விட்டார். செடி ஒட்சிசன் தரும், மீன் காபனீரொட்சைட்டுத் தரும், கணக்குச் சரியாகும் என்பது அவர் கருத்து. ஆயினும் சில நாளில் இலைகள் அழுகி நீர் கலங்கிற்று. குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார். அவை அழுகலைத் தின்ன, நீர் தெளிந்தது. இந்த அனுபவத்தை அவர் 1850இல் இரசாயனச் சங்கத்தின் முன் எடுத்துரைத்தார். அவரிடம் மின்விளக்குமில்லை, காற்றூதும் இயந்திரமுமில்லை. நம் காலத்தில் அமெரிக்கப் பெண்மணி டயானா வால்ஸ்ரட் 1999இல் எழுதிய நூலும், சாதாரண மண்ணில் செடி வளர்த்தால் தொட்டியின் வேலையிற் பெரும்பகுதியைச் செடிகளே பார்த்துக்கொள்ளும் என்பதை விரிவாக விளக்கியது.

ஆகவே வகுப்பில் வேலையைத் தொடங்கினோம். ஆசிரியர் ஒருவர் வீட்டு விறகுக் கொட்டிலில் கிடந்த, ஒழுகும் தொட்டி ஒன்று இலவசமாகக் கிடைத்தது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். பழைய சிலிக்கன் முழுவதையும் சவர அலகினால் சுரண்டி எடுத்தோம்; பழையதன்மேல் புதியது ஒட்டாது. பூஞ்சணம் தடுக்கும் மருந்து கலவாத சிலிக்கனையே வாங்க வேண்டும். பூசி இரண்டு நாள் உலரவிட்டு, முற்றத்தில் நீர் நிரப்பி ஒருநாள் சோதித்தோம். இந்த அளவுத் தொட்டி 56 லீற்றர் நீர் கொள்ளும். மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் 70 கிலோகிராமைத் தாண்டும். ஆட்டங்காணும் மேசை உதவாது. தொட்டியின் அடியில் ஒரு ரிஜிபோம் தகடு போட்டோம்.

பசளை கலவாத தோட்டத்து மண்ணைச் சலித்து ஓரங்குலம் பரப்பி, அதன்மேல் ஒன்றரை அங்குலம் மணல் இட்டோம். மணல் ஒரு மேசன் வீடு கட்டி மிஞ்சியது. கழுவிய நீர் தெளியுமுன் பிள்ளைகளின் கை சோர்ந்துவிட்டது. கல் வைப்பதில் ஒரு எச்சரிக்கை. மாத்தளையில் சுண்ணாம்புக்கல் மிகுதி. அக்கல் நீரைக் கடினமாக்கும். எலுமிச்சம்புளி சில துளி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அந்தக் கல் வேண்டாம். குழாய் நீரானால் குளோரின் நீங்க ஒருநாள் வாளியில் திறந்து வைக்க வேண்டும். வெயில் நேரே படும் சன்னலோரம் பாசிக்கு உகந்த இடம், நமக்கன்று. பத்து வாற்று வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒன்று நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தாற் போதும்.

செடிகளைப் பற்றிச் சற்று அதிகம் சொல்ல ஆசை. உலகெங்கும் தொட்டி வளர்ப்போர் விரும்பும் கிரிப்டோகோரைன் செடிகளுட் பல நம் நாட்டுக்கே உரியவை. அவற்றுள் ஒன்று, பெயரில்லாமலே ஐரோப்பியத் தொட்டிகளில் வளர்ந்து, 1958இல் டச்சு அறிஞர் டி விட் என்பவரால் 'வெண்டீ' என்று பெயர் பெற்றது. மங்கிய ஒளியிலும் வளரும், செலவு வையாது. ஆனால் இடம் மாற்றி நட்டவுடன் இதன் இலைகள் கூழாகிக் கரைந்து போவதுண்டு. எங்கள் தொட்டியிலும் ஒரே வாரத்தில் அத்தனை இலையும் கரைந்தன. பிடுங்கி எறிவோம் என்றனர் பிள்ளைகள். வேரைத் தொடக்கூடாது என்று தடுத்தேன். பத்தொன்பதாம் நாள், ஊசிமுனை போல ஒரு தளிர் மணலுக்கு மேலே வந்தது. அன்று அந்த மாணவன் பாடம் எதையும் கவனிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆறாம் வாரம் கப்பி மீன்கள் ஆறு வாங்கினோம். ஆறும் ஆண்களே. பெண் கப்பி ஏறத்தாழ மாதம் ஒருமுறை குஞ்சுகளை ஈனும். பெருகிய குஞ்சுகளை என்ன செய்வது என்று தெரியாதவர்கள் அவற்றை ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்றுகூட எண்ணுவர். உண்மையில் ஓடையிலிருந்து எடுப்பதிலும் பெரிய தீங்கு, ஓடைக்குள் கொட்டுவது. அழகிய பூவுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரை குளங்களை மூடியதால், 1909இலேயே அதற்கென ஒரு சட்டம் இயற்றவேண்டி வந்தது. சல்வீனியா 1939இல் கொழும்பில் தாவரவியல் பாடத்துக்காகக் கொண்டுவரப்பட்டது. அதுவும் நாடெங்கும் பரவிற்று. ஆசிரியர்களாகிய நாங்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. நம் நாட்டுச் செடியும் பிறர் நாட்டில் இதே குற்றம் செய்திருக்கிறது. இலங்கைக்குரிய கிரிப்டோகோரைன் இனமொன்று அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்துச் சான் மார்க்கோஸ் ஆற்றில் வேரூன்றி, அங்கு மட்டுமே உள்ள ஒரு காட்டு நெற்பயிரை நெருக்கியது. அதை அடியோடு அகற்றப் பெரும்பாடு பட்டனர். ஆதலின் எங்கள் தொட்டியில் வெட்டிய செடி வெயிலில் உலர்ந்த பின்னரே குப்பைக்குச் செல்கிறது. வாரந்தோறும் மாற்றும் கால்பங்கு நீர் கத்தரிப் பாத்திக்குப் போகிறது. கத்தரி காய்த்துத் தள்ளுகிறது.

காற்றூதும் இயந்திரம் வாங்கவில்லை. பகலில் ஒட்சிசன் தரும் செடியே இரவில் அதை உட்கொள்ளும். அதனால்தான் ஆறு மீனோடு நிறுத்தினோம். விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நின்றால், கூட்டம் மிகுந்தது என்று பொருள்.

உணவு போடும் முறை யாருடையது என்பதில் வகுப்பில் நாள்தோறும் வழக்கு. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே போட வேண்டும் என்ற விதியை மாணவர்களிலும் அதிகமாக மீறுபவர் பக்கத்து வகுப்பு ஆசிரியர்தான். வரும் தவணை விடுமுறையில் தொட்டியை யார் பார்ப்பது என்பது சென்ற வெள்ளிக்கிழமைதான் முடிவாயிற்று. நன்கு வளர்ந்த மீன் ஒரு வாரம் உணவின்றித் தாங்கும்; அதற்குமேல் சோதிப்பது முறையன்று. காவலாளி ஐயா ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த முறை பிரியும் கிரிப்டோகோரைன் கன்று ஒன்று தமக்குத் தர வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.