தாயும் சேயும்: பம்பர்ஸ் கட்டும் இடத்தில் புண்

ஊரில் கைக்குழந்தைக்குப் பகலில் பெரும்பாலும் ஒன்றும் கட்டுவதில்லை. காற்றுப்படக் கிடக்கும். இங்கிலாந்துக் குளிரில் அப்படி விட முடியுமா? பம்பர்சைக் கட்டி, அதன்மேல் இரண்டு உடுப்பும் போட்டுவிடுகிறோம். மூத்திரமும் மலமும் மணிக்கணக்காகத் தோலில் பட்டு, உராய்ந்து, அந்த இடம் புண்ணாகிறது. மென்மையான தோலுள்ள பிள்ளைகளுக்கு இது இன்னும் சுறுக்காக வரும். வயிற்றோட்டத்தின்போதும் அன்ரிபயோற்றிக் மருந்து குடிக்கும்போதும் கூடும்.

துண்டுப்பிரசுரங்களில் "தோல் சிவக்கும்" என்று எழுதியிருப்பார்கள். எங்கள் பிள்ளைகளின் நிறத்தில் அந்தச் சிவப்பு சட்டென்று தெரியாது. தோல் வழமையைவிடக் கறுத்திருக்கிறதா, தொட்டால் சுடுகிறதா, துடைக்கும்போது பிள்ளை வீரிட்டு அழுகிறதா என்று பாருங்கள்.

பம்பர்ஸ் விலை கையைக் கடிக்கத்தான் செய்யும். அதற்காக நிரம்பும்வரை வைத்திருக்காதீர்கள். மலிவானதை வாங்கி அடிக்கடி மாற்றுவது, விலை கூடியதை நாள்முழுக்கக் கட்டிவைப்பதிலும் நல்லது. மலம் போனால் உடனே மாற்ற வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள். சவர்க்காரமும் வாசனை போட்ட ஈரத்தாளும் தோலை எரிக்கும். பிறகு சிங்க் கலந்த கிறீமோ வசிலினோ மெல்லிதாகப் பூசுங்கள். அப்பிவிட்டால் பம்பர்ஸ் ஈரத்தை உறிஞ்சாது. அறை சூடாக இருக்கும் நேரம் பார்த்து, ஒரு துவாயை விரித்துப் பிள்ளையைச் சற்று நேரம் வெறுமேலுடன் கிடத்துவது எந்தக் கிறீமுக்கும் குறைந்ததல்ல.

அம்மம்மாமார் கோபிப்பார்கள், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: பவுடர் வேண்டாம். புண்ணை அது உறுத்தும், தூள் மூச்சுக்குள் போனால் நெஞ்சுக்கும் கூடாது.

தொடை மடிப்புக்குள்ளும் பரவி, ஓரத்தில் சின்னச் சின்னப் பொட்டுகள் கிளம்பினால் அது பெரும்பாலும் பங்கசுத் தொற்று. அதற்கு மருந்து வேறு. மூத்த பிள்ளையின் கிரந்திக்குத் தந்து மிஞ்சிய கிறீமை எடுத்துப் பூசிவிடாதீர்கள். அதில் ஸ்ரெரொயிட் இருக்கக்கூடும்.

மூன்று நாளில் குறையாவிட்டால் பாமசியிலோ ஹெல்த் விசிற்றரிடமோ காட்டுங்கள். "நாப்பி றாஷ்" என்றால் விளங்கிக்கொள்வார்கள். கொப்புளம், சீழ், காய்ச்சல் கண்டால் நாள் எண்ண வேண்டாம், அன்றே டொக்டரிடம் போங்கள். இங்கிலாந்தில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டொக்டர் எழுதித்தரும் மருந்துக்குக் காசில்லை. மொழி தெரியாதென்று தயங்குகிறவர்கள், நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். அதற்கும் பணம் கட்டத் தேவையில்லை.