சிவப்புப் பேனையும் சூரியனும்

சூரியனில் அதிகம் இருப்பது என்ன என்று கேட்டால் நமது பிள்ளைகள் யோசிக்காமலே "ஐதரசன், சேர்" என்பார்கள். அடுத்தது ஈலியம். புத்தகத்தில் இருக்கிறது; நாமும் அப்படியே கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுகிறோம். போன கிழமை பின்வாங்கில் இருந்த பிள்ளையொன்று கேட்டது: "சேர், அங்க போகாம அத ஆரு கண்டுபிடிச்ச?"

இருபது வருடமாகப் படிப்பிக்கிறோம். பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றன் மகள்" என்று சமாளித்துவிட்டு வந்து இரவிலே தேடிப் படித்தோம். படித்த பிறகு நித்திரை வரவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த "ஆரு" ஒரு பெண். பெயர் சிசிலியா பெய்ன். 1900 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். நாலு வயதில் தகப்பனை இழந்தார். தாய்தான் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். 1919 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் கல்லூரிக்குப் போகிறார். தாவரவியலும் பௌதிகமும் இரசாயனமும் படிக்கும் எண்ணம். அந்த வருடம் சூரிய கிரகணத்தைப் பார்த்து ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்துவிட்டு வந்த எடிங்டன் அங்கே ஒரு விரிவுரை ஆற்றினார். போக முடியாத தோழி ஒருத்தியின் நுழைவுச்சீட்டு சிசிலியாவுக்குக் கிடைத்தது. அறைக்குத் திரும்பி வந்து அந்த விரிவுரையைக் கிட்டத்தட்டச் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்தாராம். அன்றோடு வானியல்தான் வாழ்க்கை என்று முடிவாயிற்று.

ஆனால் கேம்பிரிட்ஜ் அப்போது பெண்களைப் படிக்க விட்டதே தவிர, பட்டம் கொடுக்கவில்லை. 1948 வரைக்கும் அதுதான் நிலைமை. ரதர்போர்டின் பௌதிக வகுப்பில் இவர் ஒருவரே பெண். பெண்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்பது விதி. ரதர்போர்ட் இவரைப் பார்த்துக்கொண்டே "சீமாட்டிகளே" என்று தொடங்க, பின்னால் இருக்கும் பையன்கள் காலால் தரையில் தட்டி ஆரவாரம் செய்வார்களாம். அணுவின் கருவைக் கண்டுபிடித்த மனிதரின் வகுப்பு அது. பெரிய அறிவாளியின் வகுப்பிலும் ஒரு பிள்ளை கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கலாம் என்பதை நாம் மறக்கக்கூடாது.

1923 இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறி, ஹாவார்ட் அவதான நிலையத்தில் சேர்கிறார். அங்கே ஆயிரக்கணக்கான கண்ணாடித் தகடுகளில் நட்சத்திரங்களின் நிறமாலைகள் பதிவாகி இருந்தன. ஆனி ஜம்ப் கெனன் என்ற இன்னொரு பெண் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை அவற்றிலிருந்து வகைப்படுத்தி வைத்திருந்தார். அந்த வகைகளுக்குப் பொருள் என்ன என்பதுதான் கேள்வி.

விஞ்ஞானம் படித்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு மூலகமும் ஒளியில் தனக்கே உரிய கோடுகளைப் பதிக்கும். சூரிய ஒளியில் இரும்பின் கோடுகள் ஏராளம், கல்சியத்தின் கோடுகள் மிகத் தடிப்பு. ஆகவே சூரியனும் பூமியும் ஒரே சரக்கால் ஆனவை, சூரியன் சூடாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று பெரியவர்கள் எல்லோரும் நம்பினார்கள். வகுப்பில் சத்தம் போடுகிற ஐந்து பேரைப் பார்த்துவிட்டு, இந்த வகுப்பே இவ்வளவுதான் என்று முடிவு கட்டுவதைப் போன்ற ஒரு பிழை அது.

சிசிலியா செய்தது என்ன? டாக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சிறு கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த மேக்நாத் சாஹா, 1920 இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டிருந்தார். எந்த வெப்பநிலையில் எத்தனை அணுக்கள் இலத்திரனை இழந்து அயனாகும் என்பதை அது சொல்லும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு சிசிலியா கணக்குப் பார்த்தார். சூரியனின் வெப்பநிலையில், நம் கண்ணுக்குத் தெரியும் கோட்டைப் பதிக்கக்கூடிய நிலையில் இருப்பது ஐதரசன் அணுக்களில் மிக மிகச் சிறிய பங்கு. அந்தச் சிறு பங்கே இவ்வளவு தெளிவான கோட்டைப் போடுகிறது என்றால் மொத்தம் எவ்வளவு இருக்க வேண்டும்? உலோகங்களை விடப் பத்து இலட்சம் மடங்கு அளவில் ஐதரசன் என்று விடை வந்தது. ஈலியமும் மிக அதிகம். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

ஆய்வேட்டைப் படித்துப் பார்க்கும்படி ஹென்றி நொரிஸ் ரஸ்ஸலுக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்து அமெரிக்க வானியலில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. நிலையத்தின் பணிப்பாளர் ஷாப்லிக்கே ஆசான் அவர். ஏனையவற்றைப் பாராட்டியவர், ஐதரசன் விடயம் மட்டும் நடக்க முடியாத ஒன்று என்று எழுதினார். 1925 இல் ஆய்வேடு வெளிவந்தபோது, தான் கண்ட அளவு பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்ற கருத்தை சிசிலியா தன் கையாலேயே எழுதிச் சேர்த்திருந்தார். ஹாவார்ட் பெண்களுக்குப் பட்டம் கொடுக்காததால் கலாநிதிப் பட்டம் ரட்கிளிஃப் கல்லூரியின் பெயரில் கிடைத்தது.

நாலு வருடம் கழித்து ரஸ்ஸல் வேறு வழியில் கணக்குப் பார்த்தார். அதே விடை. 1929 இல் வெளியிட்ட கட்டுரையில் சிசிலியாவின் வேலையைக் குறிப்பிட்டும் இருந்தார். ஆனாலும் பல காலம் ஊர் உலகம் ரஸ்ஸலின் பெயரைத்தான் சொன்னது.

இந்தக் கதையை "ஆண் ஒருவன் பெண்ணின் கண்டுபிடிப்பைத் திருடிவிட்டான்" என்று பகிர்பவர்கள் இருக்கிறார்கள். நமக்கு அதில் உடன்பாடு இல்லை. ரஸ்ஸல் திருடன் அல்ல. நல்ல விஞ்ஞானி. பிழையை உணர்ந்ததும் எழுத்தில் ஒப்புக்கொண்டவர். நமக்குப் பயம் தருவதே அதுதான். கெட்டவர் ஒருவர் செய்திருந்தால் "நாம் அப்படியில்லை" என்று சொல்லித் தப்பிவிடலாம். நேர்மையான, விஷயம் தெரிந்த, பிள்ளைக்கு நல்லது நினைத்த ஓர் ஆசானின் கையால் அது நடந்திருக்கிறது.

சிசிலியாவும் பிற்காலத்தில் ரஸ்ஸலைத் திட்டவில்லை. தனக்குச் சரி என்று தெரிந்தும் பெரியவரின் சொல்லுக்குப் பணிந்தது தன் தவறு, இளையவர்களே கவனம் என்ற பொருளில் எழுதிவைத்தார். பணிந்து போகப் பழக்கப்பட்ட பிள்ளை கடைசியில் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறது.

அதற்குப் பிறகும் அவர் பாதை இலேசாக இருக்கவில்லை. குறைந்த சம்பளம். அவர் நடத்திய பாடங்கள் 1945 வரை பல்கலைக்கழகப் பாடப்பட்டியலில் இடம்பெறவே இல்லை. கணவர் சேர்கேயுடன் சேர்ந்து மாறும் நட்சத்திரங்களைப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவைகள் அவதானித்தார், மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். 1956 இல் பேராசிரியரானார். ஹாவார்டில் ஒரு துறைக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்ணும் அவரே. 1976 இல் அமெரிக்க வானியல் சங்கம் அவருக்கு ஓர் உயர்ந்த கௌரவம் கொடுத்தது. அது ரஸ்ஸலின் பெயரிலான கௌரவம்! 1979 இல் காலமானார்.

இனி நித்திரை வராத காரணம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தவணைப் பரீட்சை. கேத்திரகணித வினா ஒன்றுக்கு ஒரு மாணவி நாம் படிப்பித்த முறையில் செய்யாமல், வேறு முக்கோணிகளை எடுத்துச் செய்திருந்தாள். புள்ளித்திட்டத்தில் அந்த முறை இல்லை. கட்டு கட்டாகத் தாள்கள், நேரம் இல்லை, சிவப்புப் பேனையால் கோடு போட்டோம். தாளைக் கொடுத்தபோது அவள் வாய் திறக்கவில்லை. தன் விடையை வெட்டிவிட்டுக் கரும்பலகையில் இருந்ததைப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். ஏதோ மனதை உறுத்த, இரவு அதை மறுபடி செய்து பார்த்தோம். அவள் செய்தது சரி. நம் முறையை விடச் சுருக்கமும் கூட.

அடுத்த நாள் அவளைத் தனியே கூப்பிட்டுப் புள்ளியைப் போட்டுக் கொடுத்தோம். வகுப்பின் முன்னால் சொல்லவில்லை. வெட்கம். அந்த வருடம் முழுக்க அவள் சொந்த முறையில் ஒரு கணக்கும் செய்யவில்லை. உயர்தரத்தில் கணிதப் பிரிவும் எடுக்கவில்லை. அதற்கு நாம்தான் காரணமா என்று இன்றுவரை கேட்கத் துணிவில்லை.

"இப்ப பல்கலைக்கழகம் போறதுல கூட பொம்புளப் புள்ளைகள்தானே, இன்னும் என்ன குறை?" என்று ஆசிரியர் அறையில் நண்பர்கள் கேட்கிறார்கள். எண்ணிக்கை சரிதான். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நல்ல பிள்ளை என்றால் எதிர்த்துப் பேசாத பிள்ளை என்று வீட்டில் வாப்பாவும் உம்மாவும் சொல்ல, பாடசாலையில் நாமும் அதையே சொல்கிறோம். மரியாதையும் மௌனமும் ஒன்றல்ல. "சேர், நீங்க சொன்னது பிழை மாதிரித் தெரியுது" என்று பணிவாகச் சொல்லவும் ஒரு பிள்ளைக்குப் பழக்க வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ள நாமும் பழக வேண்டும். விடை புள்ளித்திட்டத்தில் இல்லையென்றால், கோடு போட முன் "இது எப்படி வந்தது மகள்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

இந்தக் கிழமை அந்த வகுப்பில் சிசிலியாவின் கதையைச் சொன்னோம். பிறகு அந்தப் பரீட்சைத்தாள் கதையையும் சொன்னோம். பெயர் சொல்லவில்லை, பிழை நம்முடையது என்பதை மட்டும் சொன்னோம். கொஞ்ச நேரம் வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு அதே பின்வாங்குப் பிள்ளை கை தூக்கியது.

"சேர், நேத்து போர்ட்ல போட்ட மூணாவது கணக்கு… விட பிழை போல."

பார்த்தோம். பிழைதான்.

ஆசிரிய நண்பர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு தாள், ஒரு பிள்ளை நினைவுக்கு வந்தால் கீழே எழுதுங்கள்.