உலைக்குத் தப்பிய ஜென்

எங்கள் பக்கத்தில் பழைய காருக்கு இரண்டு விலை. ஓடுகிற வண்டியாக ஒன்று, இரும்பாக ஒன்று. செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. ரோட்டில் வடக்கே வருகிறவர்கள் பார்த்திருப்பார்கள், தட்டையாக நசுக்கிய கார்களை அடுக்கிக்கொண்டு லாரிகள் முன்னால் போகும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக இழுக்கிற உலைகள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் ஓடாத மாருதி ஒன்று வேப்பமரத்தடியில் பத்து வருஷம் நின்று, கோழி அதில் குஞ்சு பொரித்துவிடும். இங்கே அப்படி நிற்க விடமாட்டார்கள். டயரில் காற்று இறங்கிய மறுவாரமே காயலான் கடைக்காரர் வாசலுக்கு வந்து, 'எடை போட்டுடலாமா சார்?' என்று கேட்பார்.

அப்படிக் கேட்கப்பட்ட வண்டி ஒன்று என் மாமனார் வீட்டு ஷெட்டில் இருந்தது. 1997 மாடல் மாருதி ஜென், கார்புரேட்டர் வண்டி. மாமனார் காலமான பிறகு யாரும் தொடவில்லை. என் மச்சினன் சிப்காட்டில் ஒரு டை காஸ்டிங் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றுகிறவனுக்குத் தன் வீட்டு அலுமினிய எஞ்சின் எடைக்குப் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. 'மாமா, நானே பிரிச்சுப் பார்க்கிறேன். முடியலைன்னா அப்புறம் அவருக்கே போடலாம்' என்றான். அன்றைக்கு ஆரம்பித்தது.

ஜென் பெயருக்குத்தான் மாருதி. உள்ளே முழுக்க சுசுகி. 1993-ல் வந்தது. இங்கே செய்த அதே வண்டி சுசுகி ஆல்டோ என்ற பெயரில் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் போனது. 993 சிசி, நாலு சிலிண்டர், அலுமினிய பிளாக், 50 குதிரைச் சக்தி. வண்டியின் எடை எழுநூற்றுச் சொச்சம் கிலோதான் என்பதால் அந்த ஐம்பதே துள்ளும். மாருதி 800 வைத்திருந்தவர்கள் ஜென்னில் ஏறியதும் ஆடிப்போனதற்குக் காரணம் அதுதான். 800-ல் மூன்று சிலிண்டர், இதில் நான்கு. ஐடிலில் நிற்கும்போதே கியர் குச்சி நடுங்குவதில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பிரிப்பதற்கு முன்னால் மச்சினன் செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. கம்ப்ரஷன் கேஜ் ஒன்றைக் கடன் வாங்கி வந்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்து செல்ப் அடித்துப் பார்த்தான். ஒன்றும் நாலும் பரவாயில்லை. இரண்டும் மூன்றும் சேர்ந்து பாதிக்கும் கீழே விழுந்துவிட்டன. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் ஒரே அளவுக்கு இறங்கினால் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டாம். நடுவே ஹெட் கேஸ்கட் கிழிந்து, ஒன்றின் அழுத்தம் இன்னொன்றுக்குக் கசிகிறது என்று அர்த்தம். ஹெட்டைத் தூக்கியதும் அப்படியேதான் இருந்தது.

கேஸ்கட் ஏன் கிழிந்தது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வண்டிகளுக்கென்றே உள்ள நோய் இது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே தண்ணீர் ஓடுகிற துளைகளின் விளிம்பெல்லாம் எலி கடித்த மாதிரி அரித்திருந்தது. வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ரேடியேட்டரில் கூலண்ட் ஊற்றாமல் வருஷக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். மீஞ்சூரிலிருந்து வடக்கே கடலோரம் நிலத்தடி நீர் எப்படி இருக்கும் என்று குடியிருப்பவர்களுக்குத் தெரியும். சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் என்று இந்தப் பகுதிக் கிணறுகளிலிருந்து இறைத்துக்கொண்டே இருந்ததில், இறங்கிய நன்னீரின் இடத்தில் கடல் நீர் உள்ளே வந்தது. அறுபதுகளின் கடைசியிலேயே மீஞ்சூர்ப் பக்கம் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த உப்பு வயலைக் கெடுத்தது பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, எஞ்சினைக் கெடுப்பதை நான் சொல்கிறேன். வார்ப்பிரும்பு எஞ்சினாவது மெதுவாகத் துருப்பிடிக்கும். அலுமினியத்தை உப்புத் தண்ணீர் குழி குழியாகத் தின்னும். குழியில் கேஸ்கட் படியாது, சூடேறும். சூடேறிய அலுமினிய ஹெட் வளையும், வளைந்ததும் கேஸ்கட் போகும். எட்டாயிரம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றத் தவறாதவர்கள்கூட ரேடியேட்டருக்கு வீட்டுக் குழாயைத்தான் திறக்கிறார்கள்.

ஹெட்டை லேத்தில் கொடுத்து முகம் இழைத்துவிடலாம். பிளாக்கின் முகமே அரித்திருந்தால் இழைக்க இழைக்கப் பிஸ்டன் மேலே வந்து நிற்கும். லேத் வைத்திருக்கும் பெரியவர் நேர்க்கோல் ஒன்றை பிளாக்கின் மேல் குறுக்கே வைத்து, அடியில் ஃபீலர் தகட்டைச் சொருகிப் பார்த்தார். ஆவடி எஞ்சின் தொழிற்சாலையில் டாங்க் எஞ்சின்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தகடு தாராளமாக உள்ளே போனது. 'வேற எஞ்சின் பாரு தம்பி' என்று கோலைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டார். எங்கள் பக்கத்தின் சொத்து இவரைப் போன்றவர்கள்தான். எண்ணூரில் லாரி, ஆவடியில் டாங்க், திருவள்ளூரில் கார் என்று கை பழகியவர்கள் ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கத் தெரியாமல் தெருவுக்கு ஒரு லேத் போட்டிருக்கிறார்கள். 'வீட்டிலேயே எஞ்சின் மாற்றினேன்' என்று யார் மார்தட்டினாலும், அந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இப்படி ஒருவர் இருந்திருப்பார்.

வேறு எஞ்சின் என்றதும் மச்சினன் கண்ணில் பல்பு எரிந்தது. மாருதி எஸ்டீமின் 1300 சிசி எஞ்சினைத் தூக்கி ஜென்னில் வைக்கலாம் என்றான். கிறுக்குத்தனம் என்று தள்ள முடியாது. இரண்டும் சுசுகியின் ஜி வரிசை. அண்ணன் தம்பி எஞ்சின்கள் என்பதால் பலரும் செய்து பார்த்த வேலைதான். பின்னால் வந்த, கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. எஸ்டீமில் 85 குதிரைச் சக்தி. அதை எழுநூற்றுச் சொச்சம் கிலோ வண்டியில் வைத்தால் எப்படிப் பாயும் என்று அவன் கையால் காட்டியபோது டீ டம்ளர் கவிழ்ந்தது.

அந்த ஆசைக்கு எங்கள் ஊர்ப்பக்கம் சரித்திரமும் உண்டு. ஜி.என்.டி. ரோட்டில்தான் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வரும் வரைக்கும் தென்னாட்டு மோட்டார் பந்தயம் என்றால் சோழவரம்தான். கோவைக்காரர் எஸ். கரிவர்தன் எண்பதுகளின் இறுதியில் மாருதி 800-ன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். வெளிநாட்டுப் பந்தய எஞ்சினுக்குக் காசு இல்லாத பையன்கள் கடைவீதிக்குப் போய்வருகிற காரின் எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்து ஓட்டிப் பழகினார்கள். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயப் பாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இந்தியாவின் மிகச் சிறந்த எஞ்சின் மாற்றம் எது என்று என்னைக் கேட்டால் அந்த 796 சிசி விளையாட்டைத்தான் சொல்வேன். ஆனால் அவர் அந்த எஞ்சினுக்கென்றே சேஸிஸையே புதிதாகச் செய்தார். ஓடியதும் மூடிய பாதையில்.

ஷெட்டில் நிற்கும் ஜென்னில் அப்படியில்லை. எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் வைத்தால் கார்புரேட்டர் வண்டியின் பழைய பெட்ரோல் பம்ப் போதாது, டேங்குக்குள் அழுத்தமான மின் பம்ப் வேண்டும். மீந்த பெட்ரோல் டேங்குக்குத் திரும்பத் தனிக் குழாய் சரியாக இருக்க வேண்டும். எஞ்சின் கொடுத்த வண்டியின் வயரிங் முழுவதையும் எஞ்சினை ஆளும் இ.சி.எம். பெட்டியோடு உரித்து வந்து இந்த வண்டியின் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒட்டுப்போட வேண்டும். ரேடியேட்டர், கிளட்ச், ஆக்சில் எல்லாம் பொருந்துகிறதா பார்க்க வேண்டும். இதையெல்லாம் ஒரு மழைக்காலத்துக்குள் முடித்துவிடுகிற பையன்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களில் பாதிப் பேர் தொடாமல் விடுவது பிரேக். 50-க்குப் போட்ட டிஸ்க்கும் பின்சக்கர டிரம்மும் 85-ஐ நிறுத்த வேண்டும். ஆரம்பாக்கத்திலிருந்து வருகிற கம்பி லாரிக்குப் பின்னால் அது நிற்குமா என்று கேட்டேன். 'பேட் மாத்திடலாம் மாமா' என்றான். பேட் மாற்றினால் போதும் என்கிறவன் கையில் 85 குதிரையைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

சட்டமும் என் பக்கம்தான் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்துக் கொடுத்து பதிவுச் சான்றிதழில் (ஆர்.சி.) ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ரக எஞ்சினை மாற்றுவதற்கு வழி இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி, புது எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அந்த எண் பிளாக்கில்தான் அடித்திருக்கும். அதனால் ஹெட்டை மட்டும் மாற்றுகிறவனுக்குத் தாள் வேலை இல்லை, பிளாக்கை மாற்றுகிறவனுக்கு உண்டு. ஏற்றாமல் ஓட்டினால், மோதிய பிறகு இன்சூரன்ஸ்காரர் போனட்டைத் திறந்து எண்ணைப் படிக்கும்போது தெரியும்.

கடைசியில் அதே 993 சிசி எஞ்சின் ஒன்றைக் காயலான் கடையில் பிடித்தான். நசுக்கப் போகிற இன்னொரு ஜென்னிலிருந்து கியர்பாக்ஸோடு இறக்கியது. நல்லவேளை, பெட்டியோடு இருந்ததால் ஸ்டார்ட்டரும் அதில் இருந்தது. தரையில் டயர் ஒன்றின் மேல் எஞ்சினைச் சாய்த்து, பேட்டரியை நேரடியாகக் கொடுத்து, அங்கேயே கேஜை வைத்தான். மூன்றாவது சிலிண்டர் மட்டும் இளைத்திருந்தது. பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுற்றினான். முள் ஏறியது. ஆயில் இடைவெளியை அடைத்ததும் அழுத்தம் ஏறினால் தேய்ந்தது ரிங். ஏறாவிட்டால் வால்வு. இதைக் கடைக்காரருக்கே விளக்கிச் சொல்லி விலையைக் குறைத்தான். அவரும் சிரித்துக்கொண்டே குறைத்தார். பிரிக்கப்பட்ட வண்டியின் பதிவு ரத்தான தாளின் நகலும் பில்லும் இல்லாமல் எடுக்க மாட்டேன் என்று நான் நின்றேன். அதற்குத்தான் முகம் சுளித்தார். இரண்டு நாள் கழித்து அதுவும் வந்தது. சென்னைப் புதுப்பேட்டைப் பழைய பாகக் கடையானாலும் கும்மிடிப்பூண்டியானாலும் தாள் இல்லாத எஞ்சின் மலிவாகத்தான் கிடைக்கும். திருட்டு வண்டியின் எண் நம் போனட்டுக்குள் வந்து உட்காருவதும் அதில்தான்.

ரிங், கேஸ்கட் செட், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட், ஆயில் சீல் எல்லாம் மாற்றினான். எஞ்சின் வெளியே இருக்கும்போது மாற்றாத கிளட்ச் பிளேட், உள்ளே வைத்த மறுமாதம் தேயும் என்பது எல்லா மெக்கானிக்கும் சொல்வது. ஷெட் உத்தரத்தில் செயின் பிளாக் மாட்டி இறக்கினோம். மவுன்ட்டிங் மூன்றும் கிறீச்சென்றுகூடச் சொல்லாமல் உட்கார்ந்தன. எஞ்சின் வேலை அதோடு முடிந்தது.

எஞ்சினை மாற்றினால் வண்டி பிழைத்தது என்று நினைப்பவர்களுக்கு டிங்கர் கடையை ஒருமுறை காட்ட வேண்டும். பேட்டரித் தட்டுக்கு அடியில் ஸ்க்ரூடிரைவர் ஓட்டை போட்டது. கதவுக்குக் கீழே ஓடும் பலகையைத் தட்டினால் துரு தவிடாய்க் கொட்டியது. ஸ்டெப்னி இருந்த குழியில் தரை தெரிந்தது. பழவேற்காட்டுக் காற்றில் நின்ற வண்டி அப்படித்தான் இருக்கும். எஞ்சினுக்கு ஆன செலவைவிட வெட்டி ஒட்டிய தகட்டுக்கும் வெல்டிங்குக்கும் பெயின்ட்டுக்கும் ஆனது அதிகம். பட்டி பூசி மூடிவிடுகிறேன் என்று சொன்ன முதல் டிங்கரை விட்டு வேறொருவரிடம் போனோம். பட்டிக்கு உள்ளே துரு வேலையை நிறுத்துவதில்லை.

அப்புறம் ஆர்.சி. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த ஜென்னுக்கு அந்த முறை 2022-ல் வந்தது. காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆனதும் அந்த ஏப்ரலில்தான். அதற்கப்புறமும் ஏறியிருக்கிறது. தாமதத்துக்கு அபராதம், பசுமை வரி, தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவது என்று வரிசையாக இருக்கிறது. பழைய வண்டி புகை கக்கும், பாதுகாப்பு குறைவு, ஒழியட்டும் என்று அரசு நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஜென்னில் ஏர்பேக் இல்லை என்பதை நானும் மறக்கவில்லை. நெடுஞ்சாலைக்கு இது வேண்டாம், கவரைப்பேட்டைக்கும் பொன்னேரிக்கும் போய்வந்தால் போதும் என்பதுதான் வீட்டுத் தீர்ப்பு.

மச்சினன் அதற்குள் அடுத்ததைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். லான்சராம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-லிருந்து மிட்சுபிஷி லான்சரைக் கட்டியது திருவள்ளூரில்தான். 'நம்ம மாவட்டத்துலயே செஞ்ச வண்டி மாமா, விட்டுடலாமா?' என்கிறான். நான் சொன்ன பதில் ஒன்றுதான். ஜென் பிழைத்தது லட்சக்கணக்கில் விற்றதால். போகிற வழியிலெல்லாம் இன்னொரு ஜென் நசுங்கக் காத்திருக்கிறது, கதவோ கண்ணாடியோ அதிலிருந்து வரும். லான்சர் விற்ற எண்ணிக்கைக்கு ஹெட்லைட் தேடியே ஷிப்ட் லீவு முழுக்கப் போகும். முதலில் இரண்டு ஹெட்லைட், ஒரு ரேடியேட்டர், ஒரு ஸ்டீயரிங் பெட்டி கையில் சேர்த்துவிட்டு வண்டி வாங்கு என்றேன். போன ஞாயிறு ஒரு ஹெட்லைட்டோடு வந்து நின்றான். இடது பக்கத்தது.