சங்கும் கோபுரமும் பீர்மேடும்

அரசுச் சின்னம் என்பது அதிகாரம் தன்னைப் பற்றித் தானே வரைந்துகொள்ளும் சித்திரம். அதில் யார் இருக்கிறார்கள் என்பதைப் போலவே யார் இல்லை என்பதும் வரலாறுதான்.

கேரள அரசின் சின்னத்தில் இரு யானைகளுக்கு நடுவே சங்கு. மேலே அசோகரின் சிங்கத் தலை. சங்கும் யானைகளும் திருவிதாங்கூர் அரசின் கொடை. 1750இல் மார்த்தாண்ட வர்மர் நாட்டைப் பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்து, பத்மநாபதாசனாக ஆளத் தொடங்கினார். திருமாலின் சங்கு அரச முத்திரையாக விளங்கியதன் பொருள் அந்த ஒப்படைப்பில்தான் இருக்கிறது. 1888இல் வெளியான திருவிதாங்கூர் அஞ்சல் தலைகளிலும் அச்சங்கே. முடியாட்சி மறைந்தது, சங்கு மறையவில்லை.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தமிழர் பெருந்தொகையாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. மலைக்குக் கிழக்கே தமிழ்நாட்டின் சின்னம் கோபுரம். அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பதே பரவலான கருத்து; அதுவும் திருமால் கோயில். மலையின் இருபுறமும் திருமாலின் அடையாளம். இடையில் கொழுந்து பறித்து மலையை வாழவைத்தவர்களின் அடையாளம் எதிலும் இல்லை.

லயத்துக் கூரை ஒழுகும்போது சின்னத்தைப் பற்றிப் பேசுவதா என்று கேட்கலாம். ஆனால் சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, பட்டா என ஒருவர் இம்மண்ணுக்கு உரியவரா என்று தீர்மானிக்கும் தாள்களில் எல்லாம் அரசின் முத்திரையே பேசுகிறது. தலைமுறைகளாக இங்கு உழைத்தவர்களிடம் முன்னோர் எப்போது வந்தனர் என்று சான்று கேட்பதும் அம்முத்திரையின் பெயரால்தான்.

ஜெர்மனியின் மியூனிக் நகரச் சின்னத்தில் ஒரு துறவி நிற்கிறார். நகரின் பெயரே துறவியரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அங்கே சின்னத்தை அரியணை தரவில்லை, ஊர்ப்பெயர் தந்தது. பீர்மேட்டுக்கும் அத்தகைய பெயர் உண்டு. ‘பீர்’ ஞானகுருவைக் குறிக்கும் பாரசீகச் சொல், ‘மேடு’ தமிழ். பீர் முகமது என்னும் சூஃபி ஞானியோடு இப்பெயரைச் சேர்த்துச் சொல்வது ஊர் மரபு. ஒரு பாரசீகச் சொல்லும் ஒரு தமிழ்ச் சொல்லும் கூடிய பெயரை மலையாளமும் தமிழும் நாள்தோறும் உச்சரிக்கின்றன.

மாநிலச் சின்னத்தை மாற்ற வேண்டியதில்லை. பீர்மேடு ஊராட்சி தனக்கென ஒரு சின்னம் வரையட்டும். அதில் மேடு இருக்கட்டும். கொழுந்துக் கூடையும் இருக்கட்டும். பெயரில் முன்பே இருப்பவர்களைச் சின்னத்தில் சேர்ப்பது சலுகையன்று, எழுத்துப்பிழையைத் திருத்துவது.