அடுப்புக்கும் விலாசம் வேண்டுமாம்!

தாராவியில் முறுக்கு பிழிந்தும் இட்லி மாவு அரைத்தும் பிழைக்கும் நம்மவர்களுக்கு அரசாங்க மானியம் ஏன் எட்டவில்லை?

சிறு உணவுத் தொழில்களுக்கென மத்திய அரசு 2020-ல் 10,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. செலவில் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். ஆனால் அது கையில் தரும் ரொக்கமல்ல. பத்தில் ஒரு பங்கை நாம் போட்டு, மீதிக்குப் பாங்கு கடன் கொடுத்தால்தான் மானியம்.

பாங்கு கேட்பதோ இடத்துக்கு அத்தாட்சி. வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறையிலேயே அடுப்பு மூட்டுகிறவர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? பல வருஷமாக மளிகைக்கடை பாக்கியைத் தவறாமல் தீர்த்துவரும் நாணயம் போதாதா?

இனி வரும் எந்தத் திட்டத்திலும், தொழில் நடப்பதை நேரில் பார்த்துக் கடன் தரும்படி விதி வேண்டும். நம் சங்கங்களும் பொங்கல் விழாவோடு நின்றுவிடாமல், விண்ணப்பம் எழுதித்தர ஒரு மேஜை போடட்டும்!