வேதியியல் ஆசிரியருக்கும் வேண்டும் செய்முறை



மேல்நிலைப் பள்ளியில் பயிலும் உங்கள் மகனையோ மகளையோ அருகில் அமர்த்தி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "இந்த ஆண்டு வேதியியல் ஆய்வுக்கூடத்திற்குள் எத்தனை முறை சென்றாய்? சோதனைக் குழாயை உன் கையால் எத்தனை முறை பிடித்தாய்?" சில வீடுகளில் மனம் நிறையும் பதில் கிடைக்கும். பல வீடுகளில், "செய்முறைத் தேர்வு நெருங்கும்போதுதான் ஆய்வுக்கூடத்தைத் திறப்பார்கள்" என்ற பதிலே வரும். ஆனால் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பார்த்தால், செய்யாத சோதனைகளின் முடிவுகளெல்லாம் அழகிய கையெழுத்தில் நிறைந்திருக்கும்.

இதற்கு ஆசிரியரைக் குறை கூறிவிட்டு ஒதுங்கிக்கொள்வது எளிது. அந்த ஆசிரியர் செய்முறையை எங்கே, எப்படிக் கற்றார் என்பதையும் நாம் கேட்க வேண்டாமா? கல்லூரியில் பியூரெட்டைப் பிடித்துப் பல்லாண்டுகள் ஆகியிருக்கும். பணியில் சேர்ந்த பின் அவருக்கு அளிக்கப்படும் பயிற்சிகளில் பெரும்பாலானவை, நாற்காலியில் அமர்ந்து சொற்பொழிவு கேட்கும் பயிற்சிகளே. வகுப்பிலோ ஐம்பது மாணவர்கள். மேசையிலோ அடர் அமிலம். ஒரு விபத்து நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கைப்பழக்கம் இல்லாதவருக்கு அச்சம் மிகுதி. அச்சம் மிகுந்தால் ஆய்வுக்கூடத்திற்குப் பூட்டு விழும்.

பழுப்பு வளையம் கற்பிக்கும் பாடம்

உப்புப் பகுப்பாய்வில் நைட்ரேட்டைக் கண்டறியும் பழுப்பு வளையச் சோதனையை எடுத்துக்கொள்வோம். உப்புக் கரைசலுடன், அப்போது தயாரித்த பெரஸ் சல்பேட் கரைசலைச் சேர்க்க வேண்டும். பின்னர்க் குழாயைச் சாய்த்து, அடர் கந்தக அமிலத்தை அதன் சுவர் வழியாக மெல்ல வழிய விட வேண்டும். கனமான அமிலம் அடியில் தங்கும். இரு அடுக்குகளும் சந்திக்குமிடத்தில் பழுப்பு நிற வளையம் தோன்றும். புத்தகத்தில் இது சில வரிகளே.

செய்து பார்ப்பவருக்கோ வளையம் சில நேரங்களில் தோன்றவே தோன்றாது. ஏன்? பெரஸ் சல்பேட் கரைசல் பழையதாக இருந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதிலுள்ள இரும்பைப் பெரிக் நிலைக்கு மாற்றிவிடும். அது வளையத்தைத் தராது. அமிலத்தை அவசரமாக ஊற்றினால் அடுக்குகள் கலந்து, வெப்பம் ஏறி, வளையம் குலைந்துவிடும். இவற்றைத் தம் கையாலேயே தவறவிட்டு, காரணம் தேடிக் கண்ட ஆசிரியர், மாணவியின் குழாயில் வளையம் வராதபோது, "கரைசலை எப்போது தயாரித்தாய்?" என்று கேட்பார். அந்த அனுபவம் இல்லாதவர், "பரவாயில்லை, பழுப்பு வளையம் தோன்றியது என்று எழுதிக்கொள்" என்பார்.

வேதியியல் இழப்பைவிடப் பெரிய இழப்பு இங்குதான் நேர்கிறது. காணாததைக் கண்டதாக எழுதலாம் என்பதை ஒரு குழந்தை பள்ளியிலேயே, ஆசிரியரின் அனுமதியுடனேயே கற்றுக்கொள்கிறது. நாளை மருந்து ஆய்வகத்திலோ, குடிநீர்ப் பரிசோதனை நிலையத்திலோ பணியாற்றப்போவதும் அதே குழந்தைதான். உண்மை பேசுமாறு வீட்டில் நாம் சொல்லிக் கொடுப்பதை, ரெக்கார்டு நோட்டு அழித்துக்கொண்டிருக்கலாமா?

ஹோஷங்காபாத் காட்டிய வழி

இதற்கு மாற்று வழி உண்டு என்பதை நம் நாடே காட்டியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்று அதன் பெயர் நர்மதாபுரம்) 1972 ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த பிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய இரு தொண்டு அமைப்புகள் அதை முன்னின்று நடத்தின. தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்களும் துணை நின்றனர். 1978 இல் அது மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982 இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் பின்னர் அப்பொறுப்பை ஏற்றது.

அத்திட்டத்தின் உயிர்நாடி ஆசிரியர் பயிற்சிதான். கோடை விடுமுறையில் ஏறத்தாழ மூன்று வாரம் ஆசிரியர்கள் ஒன்றுகூடினர். அங்கே அவர்கள் மாணவர்களைப் போலவே சிறு குழுக்களாக அமர்ந்து, பாடத்திலுள்ள சோதனைகளைத் தாமே செய்தனர். முடிவு மாறுபட்டபோது விவாதித்தனர். பள்ளி தொடங்கிய பின் மாதந்தோறும் கூடி, வகுப்பில் எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று பேசினர். அவர்கள் எழுப்பிய ஐயங்களைக் கொண்டு பாடநூல்களே திருத்தப்பட்டன. தேர்விலும் மாணவர்கள் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். செய்முறைக்கும் தனி மதிப்பெண் உண்டு. 2002 இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்திவிட்டது. எனினும் சாதாரணக் கிராமப் பள்ளி ஆசிரியர்களால் முப்பது ஆண்டுகள் இதைச் செய்ய முடிந்தது என்ற உண்மையை யாராலும் நிறுத்திவிட இயலாது.

பணமில்லை என்னும் காரணம்

"வேதிப்பொருள்களுக்கு ஏது பணம்?" என்று சில நிர்வாகங்கள் கேட்பதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது மாணவர்கள், ஒவ்வொருவரும் 20 மில்லிலிட்டர் கரைசலைக் கொண்டு மூன்று முறை தரம் பார்த்தால், 1,800 மில்லிலிட்டர் தேவை. அதே சோதனையைச் சொட்டுக் கணக்கில் செய்யலாம். சொட்டுக் குழாயிலிருந்து விழும் 20 சொட்டுகள் ஏறத்தாழ 1 மில்லிலிட்டர். 20 சொட்டு அமிலம், ஒரு சொட்டு பினாப்தலீன். அதன்மேல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டு, இளஞ்சிவப்பு நிலைக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். முப்பது மாணவர்களும் மூன்று முறை செய்ய 90 மில்லிலிட்டர் போதும். செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு. பியூரெட்டின் துல்லியம் இதில் கிட்டாது என்பது மெய்தான். ஆனால் பியூரெட்டைத் தொடும் முன் வேதிவினையைக் கண்ணால் காண இது நல்ல படிக்கட்டு.

இன்னும் எளிய சோதனைகளுக்கு நம் சமையலறையே போதும். மஞ்சள் கரைசலில் நனைத்து உலர்த்திய தாளில், விறகுச் சாம்பலை ஊறவைத்துத் தெளிந்த நீரைத் தொட்டால் தாள் சிவக்கும். சாம்பலிலுள்ள காரமே அதற்குக் காரணம். காரத்தைக் குறிக்கும் 'ஆல்கலி' என்ற சொல்லே, சாம்பலைக் குறிக்கும் 'அல்கலீ' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பதை மாணவர்களுக்குச் சொன்னால், அவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள்.

நாம் செய்யக்கூடியவை

நம் சமுதாயத்தவர் நடத்தும் பள்ளிகள் தமிழகத்தின் பல ஊர்களில் உள்ளன. அவற்றின் தாளாளர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். அருகருகே உள்ள மூன்று, நான்கு பள்ளிகள் சேர்ந்து, மாதம் ஒரு சனிக்கிழமையை வேதியியல் ஆசிரியர்களின் செய்முறை நாளாக ஒதுக்குங்கள். ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவரை அழையுங்கள். அடுத்த மாதம் வகுப்பில் நடத்தவேண்டிய சோதனைகளை ஆசிரியர்கள் அன்று தம் கையால் செய்து பார்க்கட்டும். பெண் ஆசிரியர்கள் மாலைக்குள் வீடு திரும்பும்படி இடத்தையும் நேரத்தையும் அமையுங்கள். 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. அக்கொள்கையைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். பயிற்சி நேரத்தில் ஒரு பகுதியாவது ஆய்வுக்கூடத்தில் கழிய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு எதற்கு?

பாதுகாப்பையும் அங்கேயே பழக வேண்டும். கண்ணாடி அணிதல், அமிலத்தை நீரில் மெல்லச் சேர்த்தல், ஒருபோதும் அமிலத்தில் நீரை ஊற்றாதிருத்தல், தோலில் பட்டால் உடனே ஏராளமான நீரில் கழுவுதல் ஆகியவை கைக்குப் பழகிய ஆசிரியரே மாணவர் கையில் அமிலத்தை நம்பிக்கையுடன் கொடுப்பார்.

பெற்றோரே! பள்ளிக் கூட்டத்திற்குச் செல்லும்போது மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் விசாரிக்காதீர்கள். ஆய்வுக்கூடம் வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது, ஆசிரியருக்குச் செய்முறைப் பயிற்சி அளிக்கப்படுகிறதா என்றும் பணிவோடு கேளுங்கள். பெற்றோர் கேட்கும் கேள்விக்கு எந்த நிர்வாகமும் செவி சாய்த்தே ஆகவேண்டும். வரும் கல்வியாண்டில் நம் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில், அவர்கள் கண்ணால் கண்டது மட்டுமே எழுதப்படட்டும்.