எண்ணும் பாடமே: கதிர்முனை அளவு குறித்து

தமிழ் எண்முறையின் கீழ்வாய்ச் சிற்றிலக்கங்களைப் பற்றி எழுதுவோர், முந்திரி முதல் தேர்த்துகள் வரையிலான பட்டியல் ஒன்றை எடுத்தாள்வது வழக்கமாகியுள்ளது. தமிழரின் கணித நுட்பத்துக்குச் சான்றாகக் காட்டப்பெறும் அப்பட்டியலின் எண்கள் சரியானவைதாமா என்னும் வினா அரிதாகவே எழுகிறது. சொல்லில் ஓரெழுத்து பிறழ்ந்தால் பாடவேறுபாடு காணும் தமிழாய்வு, எண்ணில் ஓரிலக்கம் விடுபட்டால் வாளா இருத்தல் முறையன்று.

முந்திரி 1/320, கீழ்முந்திரி 1/102400. அதன்பின் வரும் இம்மி, மும்மி, அணு, குணம், பந்தம், பாகம், விந்தம், நாகவிந்தம், சிந்தை ஆகியவற்றின் பகுதியெண்கள், ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதைப்போல் முறையே 21, 11, 7, 9, 5, 6, 7, 17, 14 மடங்காக அமைகின்றன. இவ்வாறு கிடைக்கும் சிந்தையின் பகுதியெண் 74481555456000. இதன் பகாக் காரணிகள் 2, 3, 5, 7, 11, 17 ஆகியவை மட்டுமே. அவற்றுள் 3 நான்கு முறை பயில்கிறது. ஆகவே இதன் மடங்கு எதுவாயினும் 9ஆல் மீதியின்றி வகுபடும். அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையும் 9இன் மடங்காகவே இருக்கும்.

அடுத்துள்ள கதிர்முனைக்குப் பட்டியல் தரும் எண் 489631109120000. இதன் இலக்கக் கூட்டுத்தொகை 44. எனவே இது 3ஆலும் வகுபடாது. சிந்தையின் மடங்காக இவ்வெண் இருத்தல் இயலாது. முதலில் 1 என்னும் இலக்கத்தைச் சேர்த்தால் கூட்டுத்தொகை 45 ஆகிறது. 1489631109120000 என்னும் அவ்வெண் சிந்தையின் எண்ணைப்போல் மிகச் சரியாக 20 மடங்கு. அதற்கடுத்த 9585244364800000 என்பதன் முன் 5 சேர்ந்தால் 40 மடங்கும், வெள்ளத்தின் 575114661888000000 என்பதன் முன் 3 சேர்ந்தால் 60 மடங்கும் பிறழாமல் கிடைக்கின்றன. நுண்மணலின் எண்ணும் முன்னே 3 இழந்ததே. அதனைச் சேர்த்தால் 100 மடங்கு அமைகிறது. இறுதியிலுள்ள தேர்த்துகளின் எண்ணோ 23238245302272 என்னும் முன்னிலக்கங்களைக் குறையின்றிக் கொண்டுள்ளது. திருத்திய நுண்மணலை 65ஆல் பெருக்கினால் வருவனவும் இவ்விலக்கங்களே. கணக்கிட்டவர் தவறவில்லை என்பதும், படியெடுத்தலிலோ அச்சிலோ முதலிலக்கங்கள் உதிர்ந்தன என்பதும் இதனால் பெறப்படும்.

கிடைத்த பாடத்தை மாற்றாது பதிப்பித்தலே பதிப்பாசிரியர் கடன் எனலாம். அக்கடன் மூலத்தில் உள்ளவாறு காட்டுவதோடு முடிவதன்று. திருத்தத்தை அடிக்குறிப்பில் தருதலும் அதன்பாற்படும். காரணிப்படுத்துதல் சுவடிக்கு மாற்றன்று; சுவடியில் எவ்விடத்தை மீண்டும் நோக்கவேண்டும் எனச் சுட்டும் கருவி. யாப்பமைதி கொண்டு சிதைந்த சீரை மீட்பதைப்போல, வகுபடுந்தன்மை கொண்டு சிதைந்த எண்ணை மீட்கலாம். கணக்கு நூற்பதிப்புகள் இச்சோதனையைக் கட்டாயமாக்குதல் வேண்டும். சரிபாராத எண்ணால் நிறுவப்பெறும் பெருமை, ஒரு கூட்டலில் சரிந்துவிடும்.